பிள்ளை இல்லை என்று எழுத மாட்டேன்

அப்பு,

நீ தெருவில் வைத்துச் சொன்னாய். அதனால் நானும் நாலு பேர் படிக்கிற இடத்தில் வைத்தே பதில் சொல்கிறேன். நேரில் வந்து சொல்லியிருக்கலாம்தான். நாகல் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து செம்பட்டி பஸ் ஏறினால் உன் மாமா வீடு. ஆனால் நேரில் வந்தால் நீ "சரிம்மா, விடுங்க" என்பாய். "சாப்பிட்டீங்களா" என்பாய். உன் அத்தை காபி கொண்டுவந்து வைப்பாள். நான் சொல்ல வந்தது அந்தக் காபியோடு தொண்டைக்குள் இறங்கிவிடும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் ஆயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் போனில் எத்தனையோ சொல்ல நினைத்து, "நல்லாப் படி, மாமா சொல்றதக் கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தவள் நான். இன்னும் பன்னிரண்டு நாளில் நீ துபாய்க்கு விமானம் ஏறுகிறாய். நான் திரும்பி வந்த திசைக்கே நீ போகிறாய். அதற்குள் இது உன் கண்ணில் பட வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். குவைத்தில் நான் வேலை பார்த்த வீட்டு டிரைவர் ராமநாதபுரத்துக்காரர். அவர் படித்துவிட்டுப் போடுகிற பழைய வாரப் பத்திரிகைகளைச் சமையலறை அலமாரிக்குள் மறைத்து வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தேன். காய்கறிப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிப் பழகினேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது என்னுடையது. சொல்கிற விஷயத்தில் பிழை இல்லை.

ஊருக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகப்போகிறது. முழங்கால் இரண்டும் போன பிறகு, நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெரியம்மாவும் இறந்துபோன பிறகு, எனக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு பெட்டியோடு மதுரையில் வந்து இறங்கினேன். நீ வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாய். தம்பி வீட்டில் எனக்கு இடம் இருந்தது. ஒரு மாதம் இருந்தும் பார்த்தேன். நீ உன் அத்தையை "நீ" என்பாய். "ஏ அத்த, சட்டையத் தேச்சு வச்சியா" என்பாய். அவள் "உனக்கு வேற வேலை இல்ல, போடா" என்பாள். என்னிடம் வரும்போது மட்டும் உன் குரல் மாறும். "அம்மா, உங்களுக்குத் தண்ணி வேணுமா?" கேட்டவர்கள் பிள்ளைக்கு என்ன மரியாதை என்று மெச்சினார்கள். எனக்கு அந்த மரியாதை தாங்கவில்லை. நாகல் நகரில் ஒரு அறை பிடித்து, கிரைண்டர் ஒன்று வாங்கிப் போட்டு, இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். வீம்பு என்று உன் மாமா சொன்னான். வீம்புதான். எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

வந்த பிறகுதான் தெரிந்தது, ஊரில் எதற்குப் போனாலும் குடும்ப அட்டை வேண்டும் என்று. ரேஷன் அரிசிக்கு மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக்கு, பெண்களுக்கு மாதாமாதம் தருகிற உரிமைத் தொகைக்கு, பொங்கல் பைக்கு, எல்லாவற்றுக்கும். நான் ஊரில் இல்லாத காலத்தில் ஊர் எவ்வளவோ கொடுக்க ஆரம்பித்திருந்தது. உன் அப்பா பெயரில் இருந்த பழைய கார்டை இருபத்திரண்டு வருடமும் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாட்டி, இதெல்லாம் மியூசியத்துல வைக்க வேண்டியது."

"அப்ப என்னையும் கூடச் சேத்து வச்சிரு தாயி" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, "குடும்பத்துல யார் யாரு இருக்கீங்க?" என்று கேட்டாள். "ஒரு மகன்" என்று சொல்லி உன் ஆதார் நம்பரைக் கொடுத்தேன். தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இவரு வேற கார்டுல இருக்காரே பாட்டி. அப்பா முருகேசன், அம்மா செல்வி. நீங்க யாரு?"

"முருகேசன் என் தம்பி. செல்வி அவன் பொண்டாட்டி."

"அப்ப இவரு உங்க தம்பி மகன்."

"என் மகன்."

"கம்ப்யூட்டர்ல அப்படி இல்லையே பாட்டி."

பின்னால் நின்ற ஒருவர், "ஏம்மா, செத்த ஒதுங்கி நின்னு யாரு பிள்ளைன்னு முடிவு பண்ணுங்க, எங்களுக்கு நேரமாகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் எனக்கு ஒரு ஆள் கார்டுக்கு எழுதிவிட்டாள். குடும்பத் தலைவர் நான். குடும்பமும் நான்.

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ கொஞ்சமும் அதிரவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியுமேம்மா. பத்தாவது சர்ட்டிபிகேட், ஆதார், பாஸ்போர்ட்டு எல்லாத்துலயும் அப்படித்தான். இப்ப மாத்தப்போனா கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் அலையணும். வெறும் பேப்பர்தானம்மா" என்றாய். உனக்கு அது வெறும் பேப்பராக இருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உன்னிடம் எல்லாப் பேப்பரும் இருக்கிறது. இல்லாதவளுக்குத்தான் அது வேறு ஒன்றாகத் தெரியும்.

இது எப்படி ஆனது என்பதையும் சொல்கிறேன், மாமாவை நீ தப்பாக நினைக்கக் கூடாது. உன் அப்பா நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பாம்பு கடித்துப் போனபோது உனக்கு வயது மூன்று. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவன் நீ. உன்னைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் குவைத்துக்குப் போன அடுத்த வருடம் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனான். அங்கே அப்பா எங்கே, அம்மா எங்கே, கார்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். நான் அங்கே போன் பூத்தில் வரிசையில் நின்று பேசுகிற காலம் அது. "அக்கா, ஸ்கூல்ல கார்டு கேக்குறாங்க. பயல என் கார்டுல சேத்துக்கிறவா?" என்றான். "சேத்துக்கோ தம்பி, அவன் பசியாறுனாப் போதும்" என்றேன். நான் அரிசி, சீனி என்று நினைத்தேன். கார்டில் சேர்ப்பது என்றால் பந்தியில் இன்னொரு இலை போடுவது மாதிரி என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்தான். வயிற்றுக்காகச் சேர்த்த கார்டில் இருந்த பெயர் உன் பெயருக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. தங்கவேல் மகனுக்கு முருகேசனின் இனிஷியல். முதல் லீவில் நான் வந்தபோது உன் புத்தகப் பையில் அதைப் பார்த்தேன். கேட்கவில்லை. இரண்டு மாத லீவில் சண்டை எதற்கு என்று இருந்துவிட்டேன். இரண்டு மாதம் வாய் மூடி இருப்பது எளிது என்று நினைக்கிறவர்கள்தான் இருபது வருடம் வாய் மூடி இருப்பார்கள்.

உன் கல்யாணத்திலாவது கேட்டிருக்க வேண்டும். பத்திரிகையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தாய்மாமனாக நின்று உனக்கு மாலை போட்டு, தலைப்பாகை கட்டி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தவன் உன் மாமா. அடுத்த வாரம் பதிவு செய்யப் போன இடத்தில் தகப்பன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவனும் அவனே. உன் மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏப்பா முருகேசா, போன வாரம் மாமன், இந்த வாரம் அப்பன். அடுத்த வாரம் யாரு, மாப்பிள்ளையா?" என்றார். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். கூட வந்தவளாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேன். என்னை ஒரு கையெழுத்துக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை என்பது வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் உறைத்தது.

பிறகு இந்த விதவை உதவித்தொகை. யோசனை உன்னுடையது. என் முழங்காலைப் பார்த்துத்தான் சொன்னாய், அதை நான் மறுக்கவில்லை. "ஊர்ல எல்லாரும் வாங்குறாங்கம்மா, நீங்க மட்டும் ஏன் கல்லு மாதிரி மாவாட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றாய். நீயே விண்ணப்பம் போட்டாய். நான் கையெழுத்துப் போட்டேன். எதையும் இரண்டு தரம் படிக்காமல் கையெழுத்துப் போடாதவள், நீ நீட்டினாய் என்பதால் படிக்காமல் போட்டேன். வயது வந்த மகன் இருக்கிறவளுக்கு அந்த உதவி கிடையாது என்பதும், பிள்ளைகள் என்ற இடத்தில் நீ 'இல்லை' என்று போட்டிருந்தாய் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

விசாரிக்க அதிகாரி வந்த நாளில் நீ வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாய். அவர் தெருவில் நின்று, பக்கத்தில் நாலு பேரிடம் கேட்டார். நான் வாசலில் உட்கார்ந்து மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் உன்னைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"அத்தை முறை சார். எங்கப்பா கூடப் பிறந்தவங்க."

"பிள்ளைங்க?"

"இல்ல சார். மாமா செத்து ரொம்ப வருசமாச்சு. நாங்கதான் அப்பப்ப வந்து பாத்துக்கிறோம்."

மாமா செத்து என்றாய். அப்பு, உன் அப்பாவை மாமா என்றாய். நீ பொய் சொல்கிறவன் மாதிரி சொல்லவில்லை. மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்கிறவன் மாதிரி சொன்னாய். என் கை மாவுக்குள் இருந்தது. அடுத்த பாக்கெட்டை ஊற்றினேன். அதிகாரி எழுதிக்கொண்டு போனார். நீ ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, "முடிஞ்சதும்மா, இனி மாசாமாசம் வந்துரும்" என்று வண்டியை எடுத்தாய். உனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்றவளுக்கு ஒரு வழி செய்துவிட்ட சந்தோஷம். அதுதான் என்னை அதிகம் வாட்டியது.

நீ தெரு முனை திரும்பவில்லை, வீட்டுக்காரம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏக்கா, பெத்த பிள்ளைய மருமகனாக்கிட்டியே. கெட்டிக்காரிதான். எனக்கும் ரெண்டு தடிமாடு இருக்கு, சோத்துக்கு ஆகாதவனுக. அவனுகளையும் ஏதாவது முறை சொல்லிப் பாக்கவா?" என்றாள். அவள் கிண்டலாகச் சொன்னாள். நான் அன்று மாவு விற்கவில்லை. புளித்துப்போனதை எல்லாம் சாக்கடையில் ஊற்றினேன்.

உன் மேல் கோபப்பட்டேன். இரண்டு நாள் உன் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான், கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். உன் மாமாவுக்கும் தெரியாது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் அங்கே உட்கார்ந்திருந்தார். உன் மாமா உன்னைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். கையில் உனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்திருந்தோம். எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டு வந்தவள், "பிள்ளை இருக்குன்னு மட்டும் சொல்லிராத. பிள்ளைக்காரிய அந்த வீட்டுக்காரங்க எடுக்க மாட்டாங்களாம், பிள்ளைய நெனச்சு நெனச்சு அழுவாளுகளாம்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். அவர் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். "பிள்ளைங்க?" என்றார். "இல்லைங்க" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, படியில் "அம்மா" என்று சத்தம். மாமா கையை உதறிவிட்டு நீ நாலு படி ஏறி வந்திருந்தாய். வாயெல்லாம் பன். அவர் எட்டிப் பார்த்து, "யாரு பிள்ளை அது?" என்றார்.

"என் தம்பி பிள்ளைங்க" என்றேன். "என்னையத்தான் அம்மாம்பான்."

அவர் எழுதிக்கொண்டார். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கியிருக்கும் என்று இத்தனை வருடமும் என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆக, உன்னை முருகேசன் பிள்ளையாக முதலில் எழுத வைத்தது பள்ளிக்கூடம் இல்லை, கார்டு இல்லை, என் தம்பியும் இல்லை. நான்.

சொன்ன பொய்யை இருபத்திரண்டு வருடம் காப்பாற்ற வேண்டியிருந்தது. உன் போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்திருந்தேன். அந்த வீட்டு எஜமானி நல்லவள். "பாவம், பிள்ளை இல்லாதவள்" என்று தன் பிள்ளைகளை என் மடியில் விடுவாள். நான் அவர்களைக் கொஞ்சும்போது பக்கத்தில் நின்று இரக்கத்தோடு பார்ப்பாள். அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டு நின்றேன். உன் கல்யாணத்துக்கு லீவு கேட்டபோதும், "தம்பி மகனுக்குக் கல்யாணம்" என்றுதான் கேட்டேன். "தம்பி மகனுக்கு எதற்கு இரண்டு மாதம்?" என்று பாதியாகக் குறைத்துக் கொடுத்தாள். நான் வாதாடவில்லை. எந்த வாயால் வாதாடுவது?

அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை. என்னையும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் முடிவு செய்தேன். ஒரு முறை பிள்ளை இல்லை என்று சொல்லிப் பிழைத்தாயிற்று. இன்னொரு முறை சொல்லிப் பிழைக்க மாட்டேன்.

அடுத்த வாரம் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிறவர் பேனாவை எடுத்தார். "நானே எழுதுவேன், பேப்பர் மட்டும் குடுங்க" என்று வாங்கி, அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை அவர் வாங்கிப் படித்தார். "அம்மா, நான் இங்க உக்காந்து நரைச்சே போயிட்டேன். உதவித்தொகை வேணாம்னு ஒரு ஆளும் மனு எழுதிப் பாத்ததில்ல. யார் மேலயும் கோவமா?" என்றார். "ஆமா, என் மேல" என்றேன். பேப்பருக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

உள்ளே இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "என்னம்மா, பணம் இன்னும் வரலையா?"

"வர வேண்டாம்னு சொல்ல வந்தேன்."

"விசாரணை எல்லாம் முடிஞ்சு மேசைக்கு வந்துருச்சேம்மா."

"அதான் வேகமா வந்தேன்."

மனுவைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். "மகன் இருக்கான்னு எழுதியிருக்கீங்க. அவரு அத்தைன்னுல்ல சொல்லியிருக்காரு?"

"அவன் மேல தப்பில்ல சார். அவன்கிட்ட இருக்கிற பேப்பர்ல உள்ளதத்தான் சொன்னான். பேப்பர்தான் தப்பு."

"அவரு உங்க மகன்னு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"வயித்தக் கிழிச்சு எடுத்தாங்க. தழும்பு இருக்கு, காட்டவா?"

"ஐயையோ, வேணாம்மா, உக்காருங்க, முதல்ல உக்காருங்க" என்று எழுந்தே விட்டார். அடுத்த மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார். "அம்மா, நிதானமா யோசிங்க. கைப்பட எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, மகன் இருக்கார்னு பதிஞ்சிருவோம். அப்புறம் நாளைக்கு முடியாமப் போய், இல்லைன்னு மாத்தச் சொன்னா மாத்த முடியாது."

"அதுக்குத்தான் சார் கேக்குறேன். மாத்த முடியாதபடி பதிஞ்சிருங்க."

அவர் மனுவைத் தன் முன்னால் நேராக வைத்துக்கொண்டார். பிறகு, "மகன் பேரு சொல்லுங்க" என்றார். தங்கவேல் என்ற உன் அப்பா பெயரைச் சொல்லி, அதற்குப் பிறகு உன் பெயரைச் சொன்னேன். ஒரு அரசாங்க மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அந்த இரண்டு பெயரையும் சேர்த்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

இதை எல்லாம் கேட்டு உன் மாமா என்னைத் திட்டினான். "அக்கா, உனக்குப் புத்தி பெரண்டு போச்சு. கைக்கு வந்ததத் தட்டி விட்டுட்டியே. எவன் கேட்டான் இதெல்லாம்?" யாரும் கேட்கவில்லைதான். உன் அத்தை மட்டும் திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளைப் பற்றியும் எழுத வேண்டும். உனக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவள் அவள். உன் சட்டை அளவு, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உனக்குப் பிடித்த வெஞ்சனம், எந்தப் பல் எப்போது விழுந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. காகிதம் அவளுக்குச் சும்மா கொடுத்ததை அவள் உழைத்துத் தனதாக்கிக்கொண்டாள். அவள் அம்மா இல்லை என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். எனக்கு என்ன மிச்சம் என்பதுதான் என் கேள்வி.

நீ பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டாம். வக்கீலிடம் போக வேண்டாம். விசா வந்து நிற்கிற நேரத்தில் அதை எல்லாம் கிளறினால் உன் பயணம் நின்றுவிடும். உன் பிழைப்பைக் கெடுத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்ள எனக்கு ஆசை இல்லை. ஆனால் உன் மகள் பாப்பா விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ துபாய்க்குப் போனதும் உன் மனைவியும் பாப்பாவும் செம்பட்டியில் மாமா வீட்டிலேயே இருப்பார்கள், பாப்பா பெயரையும் மாமா கார்டிலேயே சேர்த்துவிடலாம் என்று நீங்கள் பேசிக்கொண்டதாக உன் மனைவி சொன்னாள். "ஒரே கார்டா இருந்தா ஈசி அத்தை" என்றாள். ஈசிதான். எனக்கும் அன்று அது ஈசியாகத்தான் இருந்தது. இந்தப் பன்னிரண்டு நாளில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, நீ, உன் மனைவி, பாப்பா மூன்று பேருக்கும் தனிக் கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. பாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் உன் பெயரும் உன் மனைவி பெயரும் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை விரல் வைத்துப் படித்துப் பார். மாமா கோபித்துக்கொள்வான். இரண்டு நாளில் ஆறிவிடும். அவன் கோபத்தை எனக்கு அவன் பிறந்ததிலிருந்து தெரியும்.

அங்கே போன இடத்தில் யாராவது பிள்ளைகள் உண்டா என்று கேட்டால், உண்டு என்று சொல். அதனால் வேலை போகும் என்றால் போகட்டும், வேறு வேலை கிடைக்கும். பாப்பாவின் போட்டோவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டி வை. அவள் போனில் வரும்போது நல்லாச் சாப்பிடு, நல்லாப் படி என்று சொல்லி வைத்துவிடாதே. இன்றைக்கு யாரோடு சண்டை போட்டாய், எதற்கு அழுதாய் என்று கேள். எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. அழுதேன் என்று நீ சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்காமலே இருந்தேன்.

போன வியாழக்கிழமை தாலுகா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று, "என்னம்மா, உதவித்தொகை வந்துருச்சா?" என்றார். பிரித்துப் படித்துவிட்டு, "தள்ளுபடி ஆயிருச்சு" என்றேன். "அதுக்கு ஏன் தாயி கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். சின்னக் கடிதம்தான். மனுதாரருக்கு வயது வந்த மகன் இருப்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. கீழே முத்திரை, கையெழுத்து. நான் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் செய்யச் சொன்னேன். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது கிடையாதுன்னு சொல்ற லெட்டரு. நீங்க வேற எதையோ எடுத்துட்டு வந்துட்டீங்க போல" என்றார். "இல்ல, இதேதான். ஓரத்துல காத்துப் புகாம ஒட்டிக் குடுங்க" என்றேன்.

நான் போன பிறகு நீ ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். கொள்ளி வைக்க யாரும் உன்னிடம் கார்டு கேட்க மாட்டார்கள். ஆனால் அது முடிந்த பிறகு, இறப்பைப் பதிய ஒரு படிவம் கொடுப்பார்கள். இறந்தவருக்கு நீ என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் நீ பேனாவோடு நிற்கும்போது பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். உன் பையில் உள்ள எல்லாக் காகிதத்திலும் நான் உன் அத்தை. எப்படி எழுதினாலும் உன்னை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. நீ மகன் என்று எழுது. ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லி அந்த லேமினேஷன் செய்த தாளைக் கொடு. என் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறேன். நீ தேட வேண்டியதில்லை.

அம்மா